கணவாய்க்கு மூன்று இதயம்

1997 செப்டம்பர் 18

சந்தைக்குப் போகவில்லை. தலைவலி என்று என் வீட்டுக்காரர் நிக்கோலஸிடம் சொன்னேன். தலைவலியாவது மண்ணாவது. அவமானம்!

நேற்று வாசகசாலையின் ஓண வினாடி வினா. கடைசிக் கேள்வி: ஒன்றுக்கு மேல் இதயம் உள்ள உயிரி எது? கணவாய், மூன்று இதயம் என்றேன். கேள்வி கேட்டவர் சதாசிவன் சார், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். சீட்டைப் பார்த்தார். "மண்புழு. தப்பு, மக்கா." எதிரே உட்கார்ந்திருந்த டுடோரியல் வாத்தியார் ரெஜி, "மீன்காரி சேச்சிக்க கூடையில கெடக்க கணவாய்க்கு மட்டுமாக்கும் மூணு!" என்றான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. கோப்பையும் அவனுக்கே.

அங்கே ஒரு விதி உண்டு. சீட்டில் உள்ள விடை தப்பு என்று சொல்பவர், போட்டி முடியும் மணி அடிப்பதற்குள் அச்சடித்த புத்தகத்தை மேசையில் வைக்கவேண்டும். நான் கேட்டது ரேடியோவில். ரேடியோவையா தூக்கிக்கொண்டு போக முடியும்?

செப்டம்பர் 27

கூடை காலியானதும் பஸ் ஏறித் திருவனந்தபுரம் நூலகம் போனேன். மீன்வாடை தாங்காமல் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்துபோனார். போகட்டும். உயிரியல் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது: செவுள்களுக்கு இரண்டு, உடம்புக்கு ஒன்று. அதே புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கி, சாரிடம் காட்டினேன்.

"சரிதான் மக்கா. ஆனா மணி அடிச்சாச்சே."

மணியாம் மணி! அடுத்த ஓணத்துக்குக் கோப்பை எனக்குத்தான். எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 3

வெள்ளிக் கிரகத்தில் ஒரு நாள், அதன் ஒரு வருஷத்தைவிட நீளமாம். நிக்கோலஸிடம் சொன்னேன். "அங்க நாள்கூலிக்கு யாரு போவா, எட்டி?" என்றார். சிரித்துவிட்டேன்.

1998 மார்ச் 11

பழைய அட்லஸ் ஒன்று கிடைத்தது. அட்லாண்டிக்கிலிருந்து பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக் போகும் கப்பல் மேற்கே போகும் என்றுதான் என் கைடில் இருக்கிறது. படத்தில் பார்த்தால் தென்கிழக்கு! அட்லஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மாதாவே, தென்கிழக்கேதான்.

ஜூன் 22

மழை. மீன் இல்லை. நாள் முழுக்கப் படித்தேன்.

செப்டம்பர் 6

தோற்றேன். எப்படி எழுதுவது இதை?

ரெஜியும் நானும் சமம். கடைசிக் கேள்வி அவனுக்கு. அதே பனாமா! "தென்கிழக்கு" என்றான். சார் சீட்டைப் பார்த்தார். "தப்பு. பெர்த்தா, நீ சொல்லு."

சீட்டில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மேற்கு. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், கோப்பை என் கையில். அதற்குள் பந்தலில் சிரிப்பு கிளம்பிவிட்டது. "வாத்தியாருக்குத் திசை தெரியாதாக்கும்!" ரெஜி தலையைக் குனிந்துகொண்டான். நல்லா வேணும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாழாய்ப்போன வாய் வரவில்லையே!

அட்லஸை எடுத்து மேசையில் விரித்தேன். "அவன் சொன்னதாக்கும் சரி. மணி இன்னும் அடிக்கல்ல சார்."

சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கோப்பை ரெஜிக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து அழுதேன். "நீயே தூக்கிக் குடுத்துட்டு வந்தியே, எட்டி" என்றார் நிக்கோலஸ். "ஆமா, குடுத்தேன். இப்போ என்ன?" என்று கத்தினேன்.

செப்டம்பர் 13

சதாசிவன் சார் சந்தைக்கே வந்தார். கையில் நூல் கட்டிய சீட்டுக் கட்டு.

"அடுத்த ஓணத்துக்கு உள்ள கேள்வியாக்கும். நூறு உண்டு. புத்தகம் வச்சுப் பாத்துத் திருத்தித் தா, மக்கா. ஆனா ஒண்ணு. இதைப் பாத்தா நீ இனி போட்டிக்கு நிக்கக் கூடாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கட்டைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் வரை அதைத் தொடவில்லை. ஒரு தடவையாவது அந்தக் கோப்பையைக் கையில் பிடித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நூலை அவிழ்த்தேன்.

முதல் சீட்டே தப்பு.