ஜெயராணியின் கட்டிலைத் தொட்ட கைகள்

பெறாமல் கிடைத்த மகளே, ஜெயராணி,

அன்றைக்கு அந்த வார்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் நீ. தலைமாட்டில் நான். கால்மாட்டில், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த உன் மகள் ஷீலா. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு வேன் பிடித்து வந்தவர்களில் என் மூத்த மகள் லூர்து, உன் நாத்தனார். என் தம்பி சவரிமுத்து. அவன் பெண்டாட்டி செசிலி. அவர்களுக்குப் பின்னால் ஊர்ச்சனம். பக்கத்துக் கட்டிலில், சர்க்கரை வியாதியால் காலில் புண் வைத்த பொன்னமராவதிக் கிழவி. நர்ஸ் கலைவாணி. பிறகு வந்த சின்ன டாக்டர், அவர் பெயர் மட்டும் எனக்குத் தெரியாது.

இவர்களில் யாருடைய கை? நீ போனதிலிருந்து இதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும். நீ கல்யாணமாகி வந்த புதிதில் குழம்புக்கு உப்புப் போட மறந்ததை, உன் மகள் கல்லூரிக்குப் போன பிறகும் சொல்லிக்காட்டியவள் நான். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை.

உனக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. மறுநாளே எழுந்து நடந்தாய். "அத்தை, ஆஸ்பத்திரிக் கஞ்சி ஒங்க குழம்ப விட நல்லாருக்கு" என்று என்னைச் சீண்டினாய். குவைத்திலிருந்து உன் புருஷன் அருள் கூப்பிட்டபோது, "நீங்க லீவு போட்டு வர வேணாம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாய். பாவி மகன் அதை நம்பினான். நாங்களும்தான் நம்பினோம்.

ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்கப் போகாவிட்டால் நம் ஊரில் அது தலைமுறைப் பகை. நானே எத்தனை பேரை அப்படி ஒதுக்கி வைத்திருக்கிறேன். போனாலும் சும்மா நின்று பார்த்துவிட்டு வர முடியாது. கட்டிலில் உட்கார வேண்டும். கையைப் பிடிக்க வேண்டும். மாதா கெபிக் கோயில் விளக்கிலிருந்து எடுத்து வந்த எண்ணெயைப் பெருவிரலால் தொட்டு நெற்றியில் சிலுவை போட வேண்டும். தொடாமல் வந்தால், "எட்ட நின்னு பாத்துட்டுப் போனாக" என்று பேச்சு வரும்.

அதனால்தான் வேனில் வந்த அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். எண்ணெய்க் கிண்ணம் செசிலி கையில் இருந்தது.

கலைவாணி ஓடி வந்தாள். ஒல்லியாக, ஷீலாவைவிடக் கொஞ்சம்தான் பெரிய பிள்ளை. "அம்மா, பெட்டுல உக்காராதீங்க. ரெண்டு பேரு மட்டும் இருங்க, மத்தவங்க வெளிய நில்லுங்க. தொடுறதா இருந்தா இந்த மருந்தக் கையில தேய்ச்சுட்டுத் தொடுங்க" என்றாள். கட்டில் கம்பியில் மாட்டியிருந்த குப்பியைக் காட்டினாள்.

லூர்து அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சவரிமுத்துவைக் கண்ணால் காட்டினாள். "ஆத்தாடி, சாராய வாடை. சிஸ்டர், இத எங்க மாமாகிட்ட குடுத்துறாதீங்க. கையில தேய்க்க மாட்டாக, குடிச்சுப்புடுவாக."

எல்லாரும் சிரித்தோம். நீயும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கலைவாணிக்கும் சிரிப்பு வந்தது. அதோடு முடிந்திருந்தால் அவள் சொன்னதைக் கேட்டுக்கூட இருப்போம்.

சவரிமுத்துவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நம் குடும்பத்தில் அவன்தான் படித்தவன், உத்தியோகம் பார்த்துக் கௌரவமாக ஓய்வு பெற்றவன். "ஏம்மா, எங்க கை அழுக்குன்னு சொல்றியா? எங்க பிள்ளையத் தொட ஒன்னக் கேக்கணுமா? ஒன் வயசு என்ன, என் வயசு என்ன? கூப்பிடு ஒங்க மேனேஜர" என்றான். வார்டே திரும்பிப் பார்த்தது.

மேனேஜர் வந்தார். சவரிமுத்துவைக் கும்பிட்டார். அந்தப் பிள்ளையிடம், "வந்தவங்க மனசு நோகாம நடந்துக்க. இன்னொரு தடவ புகார் வந்தா நீ வேற எடம் பாத்துக்கலாம்" என்றார். அத்தனை பேர் முன்னால். கலைவாணி குப்பியை மறுபடி கம்பியில் மாட்டிவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

அதற்குப் பிறகு தடுப்பாரில்லை. லூர்து நல்ல மனசுக்காரி, முதலில் பக்கத்துக் கட்டில் கிழவியிடம் போனாள். பார்க்க ஆள் இல்லாமல் கிடந்தவள். அவள் காலை மடியில் தூக்கி வைத்து, புண்ணைச் சுற்றி எண்ணெய் தடவிச் சிலுவை போட்டாள். அதே பெருவிரலை மறுபடி கிண்ணத்தில் முக்கிக்கொண்டு உன்னிடம் வந்தாள். உன் வயிற்றுக் கட்டின் ஓரத்தைத் தூக்கித் தையல் மேலும் ஒன்று போட்டாள். "சீக்கிரம் ஆறிப்போகும் பாரு" என்றாள். நாங்கள் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டோம்.

பிறகு சின்ன டாக்டர் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு கிழவியின் காலை அழுத்திப் பார்த்தார், சீழைத் துடைத்தார். அதே கையுறையோடு உன் பக்கம் திரும்பினார். அப்போது நான் கலைவாணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். வாயைத் திறந்தாள். என் தம்பியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். டாக்டர் உன் கட்டைப் பிரித்துத் தையலைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்து, தையல் சிவந்து வீங்கி, மருந்துக்கு மேல் மருந்து மாற்றியும் எதுவும் கேட்காமல், உன்னைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோன பிறகுதான் புரிந்தது. பெரிய டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "இது வீட்லேருந்து வந்த நோய் இல்லம்மா. ஆஸ்பத்திரியிலயே ஒட்டிக்கிற கிருமி. பாதி மருந்துக்கு அடங்காது. கை வழியாத்தான் ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் போகும்."

"யாரு கைங்கய்யா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. வந்தவங்க கையா இருக்கலாம். எங்க கையாவும் இருக்கலாம்."

சண்டை போடத்தான் போயிருந்தேன். அந்த மனுஷன் இப்படிச் சொன்னதும் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

அருள் உன்னை மண்ணில் வைக்கத்தான் வந்தான். ஜெயா, நீ கேட்டிருப்பாயா அந்த அழுகையை?

லூர்தோடு நான் ரொம்ப நாள் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாள் அவள் தன் பெருவிரலை அம்மிக் குழவியில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. பிடுங்கி எடுத்துத் துணி சுற்றினேன். அதற்கு மேல் என் கோபம் அவளிடம் நிற்கவில்லை.

இனி இன்றைய சேதி. நீ பாட்டியாகிவிட்டாய். ஷீலாவுக்குப் பெண் பிள்ளை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். வேறு ஆஸ்பத்திரிதான், ஆனாலும் வெள்ளைத் துணிக்கட்டைப் பார்த்ததும் வாசலில் காவலுக்கு வந்துவிட்டேன். இதை அந்த வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு வரி எழுதுவேன், எழுந்து போய்க் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். உள்ளே அவள் மாமியார் மட்டும் இருக்கிறாள். லூர்து படிக்கட்டுப் பக்கம் நின்று, நம் சனம் யாராவது வந்தால் அப்படியே திருப்பி அனுப்புகிறாள். உள்ளே போகிற நர்ஸைப் பார்த்து, "கை தேய்ச்சாச்சா தாயி?" என்று நான் கேட்கிறேன். முதலில் முறைத்தார்கள். இப்போது என்னைக் கண்டதும் அவர்களே கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். டாக்டரம்மாவிடமும் கேட்டேன். "கேளுங்க பாட்டி, கேட்டாத்தான் எங்களுக்கும் ஞாபகம் இருக்கும்" என்றார்கள்.

நேற்று வேன் வந்தது. சவரிமுத்து லூர்தைத் தாண்டி முன்னால் வந்தான், கையில் சீனித் தண்ணீர்க் கிண்ணம். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்க வந்திருக்கிறான். விரலால் தொட்டு நாக்கில் வைப்பானாம்.

"அக்கா, வழிய விடு."

"விட மாட்டேன்."

"நான் அருளுக்குத் தாய்மாமன். இந்த வீட்டுல பெறந்த பிள்ளைக எல்லாத்துக்கும் நாந்தான் சேனை வச்சேன்."

"வச்சவுக கொணம் பிள்ளைக்கு வரும்பாக. ஒன் கொணம் இதுக்கு வேணாம். தாயிப்பாலத் தவிர ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக."

"மூணாப்பு படிச்சுட்டு நீ எனக்கு வைத்தியம் சொல்றியா?"

"நீ நெறையப் படிச்சவன்தான். அதான் அன்னைக்கு அந்த நர்ஸுப் பிள்ளை வாய அடச்ச."

அவன் முகம் கறுத்துப்போனது. "செத்தவளுக்கு நான் என்ன பண்ணுனேன்? நான் ஒரு வெரல் அவ மேல வச்சேனா? எண்ணெய்கூட நான் போடலயே. ஒன் மகதான போட்டா" என்றான். உண்மைதான் ஜெயா. அன்றைக்கு உன்னைத் தொடாதவன் அவன் ஒருவன்தான்.

நான் நகரவில்லை. வந்தவர்கள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். செசிலி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ செத்தாக்கூட ஒன் வாசல் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

"மிதிச்சா கையக் கழுவிட்டு வாடா" என்றேன்.

ஊர் என்னைப் பேசுகிறது. கூடப்பிறந்தவனைப் பிள்ளை முகம் பார்க்கவிடாமல் விரட்டியவள் என்ற பேச்சு கந்தர்வக்கோட்டை வரைக்கும் போய்விட்டது. போகட்டும். உன் வருஷப் பூசைக்கு வருகிறவர்கள் கையில் இந்தக் கடிதத்தை அச்சடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பாசம் இருந்தால் வீட்டிலிருந்தே ஜெபம் பண்ணுங்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒருவராக வாருங்கள், கையைச் சுத்தம் பண்ணுங்கள், கட்டையும் தையலையும் தொடாதீர்கள், அடுத்த கட்டிலுக்குப் போகாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் வராதீர்கள். வராததற்காக யாரையும் பகை என்று நினைக்க மாட்டேன். இதை நான் சொல்கிறேன்.

நாளைக் காலையில் ஷீலாவின் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். இதுவரை காய்ச்சல் இல்லை. உனக்கும் அப்போது இந்த நாள் வரை காய்ச்சல் இல்லை. அதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. நாளைக்கு எதுவானாலும் ஆகட்டும், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் நிற்கிற இடத்தில், கை கழுவுங்கள் என்று சொல்ல வாய் திறக்கிற எந்தப் பிள்ளையையும் யாரும் அதட்ட விட மாட்டேன். டாக்டராக இருந்தாலும், என் ரத்தமாக இருந்தாலும்.

லூர்தை மன்னித்துவிட்டேன். அந்தச் சின்ன டாக்டரை மன்னிக்கப் பாடுபட்டு, ஈஸ்டருக்கு முந்தின போன தபசுகாலத்தில் மன்னித்தேன். மேனேஜரைக்கூடச் சாமியார் சொல்லி மன்னித்தாயிற்று. தெரியாமல் தொட்ட கை எதன் மேலும் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் பரலோக மந்திரம் சொல்லும்போது பிறரை மன்னிக்கிறோம் என்கிற இடம் வந்தால் இன்னமும் வாயை மூடிக்கொள்கிறேன். உன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே சொல்லை அந்தப் பிள்ளையின் தொண்டையிலேயே நிறுத்தியவன் ஒருவன் இருக்கிறான். அவனை மன்னிக்க மாட்டேன். என் தம்பி சவரிமுத்து.

உன் அத்தை,
அந்தோணியம்மாள்