பதினைந்தாவது வயல்

ஜூன் 5

தலைகால் புரியவில்லை! இந்த வருடம் ச்சுர்பொன் நான்தான். எங்கள் மலையூரின் ஊற்றுத் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது திருப்புவது என்று இனி இந்த யாங்டோல் சொன்னால்தான் செல்லும். முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆண்களெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு டாக்ஸி ஓட்டப் போய்விட்டார்கள், மண்வெட்டி என் கைக்கு வந்துவிட்டது. ஹோட்டலையும் பார்க்க வேண்டும், பதினான்கு வயலையும் பார்க்க வேண்டும். பார்ப்பேன்!

நவாங் அண்ணா சிரித்தார். ஹோட்டல் அவருடையது, மேனேஜர் நான். "சீசன் நேரத்துல உனக்குப் பட்டாபிஷேகம் வேறயா?"

ஜூன் 9

கல்லூரிப் பெண் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றிச் சின்ன ஹோட்டல் மேனேஜர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். "பெரிய ஹோட்டல்காரங்களப் போய்க் கேளும்மா. பன்னெண்டு ரூம வெச்சுக்கிட்டு நான் எந்த மலையைக் கரைச்சிட்டேன்?" என்றேன். விட்டாளா? கடைசியில் குளியலறையில் ஒட்டியிருக்கும் 'துண்டை மறுநாளும் பயன்படுத்துங்கள்' அட்டையைக் காட்டினேன். படம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 18

ஊற்று குறைந்துகொண்டே வருகிறது. வாய்க்காலின் கடைசி வயல் டோல்கர் அக்காவுடையது. பார்லி பழுப்படிக்கிறது. அவளுக்கு இருப்பதே அந்த ஒரு வயல்தான்.

"ச்சுர்பொன் அம்மா! உன் கைக்கு மண்வெட்டி வந்ததுலேர்ந்து என் வாய்க்கால்ல எறும்புதான் ஓடுது" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். முகம் எரிந்தது. யாரோ முறை தவறித் தண்ணீர் எடுக்கிறார்கள். பிடிக்காமல் விடமாட்டேன். பிடிபட்டவர் ஊருக்கு ஒரு குடம் சாங், அதுதான் பார்லிக் கள், ஊற்ற வேண்டும். எங்கள் அபராதம் அதுதான். நான் இரண்டு குடம் வாங்குவேன்!

ஜூன் 21

விடியற்காலை ஐந்து மணிக்கே ஊற்றடியில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் மட்டத்தில், கல்லில் கரிக்கோடு போட்டு வைத்தேன். ஈ காக்கை வரவில்லை. எட்டு மணிக்குப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே. எப்படி? கண்ணெதிரே எப்படி?

ஜூன் 22

வீடு வீடாக நின்று கத்தினேன். "திருடுறது யாரா இருந்தாலும் சரி, என் சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி, சாங் குடத்தத் தயாரா வெச்சுக்கோங்க!" தொண்டை கட்டிவிட்டது. பரவாயில்லை.

ஜூன் 24

நேற்று ஹோட்டல் போர்வெல்லில் மோட்டார் எரிந்துபோனது. அண்ணா மெக்கானிக்கோடு மல்லுக்கட்டுகிறார். விருந்தினர்களுக்கு லாரித் தண்ணீர்தான்.

அதை விடு. ஊற்று ஏறிவிட்டது! கோட்டுக்கு மேலே! டோல்கர் அக்கா வயலில் கணுக்கால் நனைய நின்றேன்! என் சத்தத்துக்குப் பயந்து திருடன் அடங்கிவிட்டான். சமையல்கார ரிக்ஸினைக் கட்டிப்பிடித்து ஆடினேன். மாவுக் கையோடு மிரண்டு நின்றான்.

ஜூன் 25

மோட்டார் சரியாகிவிட்டது. அப்பாடா.

ஜூன் 26

ஊற்று மறுபடி இறங்கிவிட்டது.

ஊற்றடியிலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே நம் மோட்டார் ஓடும் சத்தம். தண்ணீர் இறங்குகிறது. என்னவோ தோன்றியது. ரிக்ஸினுக்கு போன் போட்டு, "அணைடா" என்றேன். காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு விரல் ஏறியது. "போடுடா." இறங்கியது. மத்தியானம் வரை இதே வேலை.

அய்யோ யாங்டோல்... ஊரெல்லாம் கத்தினியே. திருடி நீதான்டி. பன்னெண்டு ரூம்தானேன்னு வேற கேட்டே!

ஜூன் 27

அண்ணாவிடம் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு இரு. யாருக்குத் தெரியப்போகுது? இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கேன். மோட்டார நிறுத்தினா கடையைக் கட்ட வேண்டியதுதான்."

"மேனேஜருக்குத் தெரியும்ணா. ச்சுர்பொன்னுக்கும் தெரியும்."

"அப்ப ரெண்டு பேர்ல ஒருத்திய வேலையை விட்டுத் தூக்குறேன்."

தூக்கட்டும். டோல்கர் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மண்வெட்டி பிடிக்க முடியாது.

ஜூன் 29

சாங் குடத்தை நானே சுமந்துகொண்டு வயலுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். டோல்கர் அக்காதான் முதலில் கிண்ணத்தை நீட்டினாள். "திருடியும் நீ, போலீசும் நீ. ஊத்து." சிரிப்பு கிளம்பியது பார்!

அந்தச் சூட்டோடு சொல்லிவிட்டேன்: இனி ஹோட்டலும் ஒரு வயல். பதினைந்தாவது. முறை வந்தால்தான் மோட்டார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வீடு வந்த பிறகும் உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 3

இன்று மட்டும் எத்தனை வேலை! பின்கட்டில் பூட்டிக் கிடந்த பழைய உலர் கழிப்பறையைத் திறந்து, தண்ணீருக்குப் பதிலாகத் தூவ மண்ணும் சாம்பலும் குவித்து வைத்தேன்; எல்லாம் மக்கி எருவாகிவிடும். அதை இடித்து இரண்டு அறை கட்டுவதாக இருந்தார் அண்ணா. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. போர்டில் 'இருபத்துநாலு மணி நேரம்' மேல் வெள்ளை அடித்தேன்.

மூன்று அறைக்காரர்கள் எதிர் ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். அண்ணா என்னோடு பேசுவதில்லை. வேலையை விட்டும் தூக்கவில்லை. புனேக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். வெளியே வந்து, "நாத்தமே இல்லையேம்மா!" என்றார். நானே கண்டுபிடித்த மாதிரித் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 16

அண்ணா இன்று ஒரு வாளியில் குளித்தார். நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

அக்டோபர் 9

சீசன் முடிந்தது. அறைகளைப் பூட்டிக்கொண்டிருந்தபோது டோல்கர் அக்கா குடத்தோடு வந்தாள். "கடைசி வயல் பார்லியில போட்ட சாங். உன் அபராதத்தத் திருப்பித் தரேன், பிடி." இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடம் முறை அவள் வீட்டுக்கு. "மொதல்ல உன் மோட்டாரத்தான் பாப்பேன், திருடி" என்றாள்.

போகும்போது, கழிப்பறை எருவில் வசந்தத்துக்கு இரண்டு கூடை கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணா முந்திக்கொண்டார்.

"நாலா எடுத்துக்கோங்க அக்கா. பதினஞ்சாவது வயல் வெளைச்சல்."