கோட்டுக்குக் கீழே நின்ற பால்

ரெங்கம்,
3.3.2025

சம்பந்தி வினிஃப்ரெட் அம்மாவுக்கு, ஷர்மைனின் தாய் சவரியம்மாள் எழுதுவது.

மாதா தயவில் மகள் சுகம். குளுவாங்கில் நீங்களும், ஆஸ்பத்திரியில் நம் பேத்தியும் எப்படி? மாப்பிள்ளை எல்வின் கொண்டுவரும் ஐஸ் பெட்டியில் ஆறு பாட்டில் தாய்ப்பால் வைத்திருக்கிறேன். எல்லாம் கோடு வரைக்கும் நிறைந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பால் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். 2019 ஜூன் 15, பிள்ளைகள் கல்யாணத்தன்று, கோயில் வாசல், பகல் பதினொன்றேகால். "சம்பந்தியம்மா, போட்டோவுக்குக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க சேலை கலர் சேரல" என்றீர்கள். இந்த வாயால் இனி உங்களோடு பேசுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கையைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யவில்லை.

மூன்றாம் வகுப்பு எழுத்து. பிழை இருந்தால் பொறுக்கவும்.

சவரியம்மாள்


குளுவாங்,
6.3.2025

அன்புள்ள சம்பந்தி,

பால் பெட்டியைத் திறந்தால் உங்கள் கடிதம்! சேலை விஷயம் சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

பிள்ளை ஒரு கிலோ அறுநூறில் பிறந்தாள். இன்றைக்கு ஒரு கிலோ ஐந்நூற்று நாற்பது. பக்கத்துத் தொட்டில் பிள்ளைகளுக்கெல்லாம் எடை ஏறுகிறது. தாய் வந்து பிள்ளையைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்தால் பாலும் சுரக்கும், பிள்ளையும் சப்பப் பழகும் என்கிறார் டாக்டர். இன்றைக்கு வார்டு நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, "ஆன்ட்டி, இந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காங்கதானே?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஷர்மைனை இங்கே அனுப்புங்கள். என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து நிமிடம். பந்தாங், பிள்ளை பெற்றவளுக்கான பத்தியம் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்.

வினிஃப்ரெட்


ரெங்கம்,
7.3.2025

சம்பந்திக்கு,

உங்களுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்துப் பதினொரு நாள்தான் ஆகிறது. நாற்பது நாள் அவள் என் வாசலைத் தாண்டமாட்டாள். "போறேம்மா, போறேம்மா" என்று தினமும் காலையில் கேட்கிறாள். பேசாமல் படு என்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். 1979இல் எனக்குத் தலைச்சன் பிறந்தான், என் இரண்டு உள்ளங்கையில் அடங்குவான். இருபதாம் நாள் என் மாமியார் ரப்பர் பால் வெட்டும் உளியைக் கையில் கொடுத்து, "எழும்பு, மரம் வெட்டப் போ" என்றாள். பிள்ளையைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளோடு போட்டார்கள். அங்கே அவனுக்கு டின் பால். இங்கே எனக்கு மார்பு கட்டிக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்து பாலை மண்ணில் பீய்ச்சினேன். முப்பத்தெட்டாம் நாள் பிள்ளை போய்விட்டான். அந்தக் கிழவி செத்தபோது ஊரே அழுதது. நான் அழவில்லை.

என் மகளை யாரும் பாதியில் எழுப்ப முடியாது.

சவரியம்மாள்


குளுவாங்,
9.3.2025

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தை வார்டு நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு தடவை. அந்தப் பிள்ளையைப் பற்றி எல்வின்கூட என்னிடம் சொன்னதில்லை. அவனுக்காவது தெரியுமா?

இன்றைக்கு எடை ஒரு கிலோ ஐந்நூற்றிருபது. இத்தனை பால் குடித்தும் ஏன் இறங்குகிறது என்று டாக்டருக்கே புரியவில்லை. நாளைக்கும் ஏறாவிட்டால் டின் பாலுக்கு மாற்றப்போகிறார்களாம்.

கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் மாமியார் உங்களைப் பிள்ளையிடமிருந்து எழுப்பிக் கொண்டுபோனார். ஷர்மைன் படுத்துத்தான் இருக்கிறாள். ஆனால் அவளும் பிள்ளையிடம் இல்லையே.

வினிஃப்ரெட்


ரெங்கம்,
10.3.2025

சம்பந்திக்கு,

டின் பால் என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பால் கோடு வரைக்கும் வரவில்லை. முதல் நாளே பாதிதான். பிறகு அதுவும் குறைந்துகொண்டே போனது. உங்கள் முன்னால் இன்னொரு தடவை தள்ளி நிற்க எனக்கு மனசில்லை. ஆறின வெந்நீரை ஊற்றி நிரப்பினேன். வெந்நீர் என்ன செய்யும் என்று நினைத்தேன். எடை இறங்குகிறது என்று நீங்கள் எழுதின பிறகும் ஊற்றினேன்.

இதை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அங்கே குளிர்பெட்டியில் இருக்கிற பாட்டில்களை எல்லாம் கொட்டச் சொல்லுங்கள்.

மகளிடமும் சொன்னேன். அவள் திட்டவில்லை. செருப்பைத் தேடினாள்.

இந்தக் கடிதம் அவள் கையில்தான் வருகிறது. பெட்டியில் ஒரே பாட்டில், கோட்டுக்கு ரொம்பக் கீழே நிற்கும். அவ்வளவும் அவள் பால். அவள் காதைத் துணியால் கட்டி அனுப்புகிறேன், ஃபேன் காற்று படாமல் பாருங்கள். பால் சுரக்கப் பூண்டு உரித்து டப்பாவில் வைத்திருக்கிறேன்.

சேலை விஷயம் தனி. அதை நான் மறக்கமாட்டேன்.

பிள்ளை தாய் மார்பில் வாய் வைத்ததும் எனக்குப் போன் பண்ணுங்கள். எல்வினிடம் கொடுக்க வேண்டாம், நீங்களே பேசுங்கள். நான் எடுப்பேன்.

சவரியம்மாள்