ஊர்ப் பெயர் எழுதாதே

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கும் இருமல் விட்டுவிட்டது. உன் தையல்கடைத் தோழி நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னதால்தான் இதை எழுதத் துணிந்தேன். உன் விலாசம் தெரிந்திருந்தாலும் தபாலில் போட மனம் வந்திருக்காது.

ஹார்மோன் மருந்து சாப்பிடுகிறவர்களின் பெயர்களை எல்லா ஆஸ்பத்திரியும் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததுமே கிளம்பிப் போனாயே, நல்ல காரியம் செய்தாய். மாடி வீட்டு டீச்சரைக்கூட விடவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு உடம்புச் சூட்டுக்கு அவர் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி விசாரித்தார்களாம். "எனக்கு வேர்க்கிறது கவர்மெண்டுக்கு எதுக்குடி?" என்று என்னிடம் வந்து கத்தினார். இருவரும் சிரித்தோம். பிறகு, ஸ்கூலுக்கும் சொல்லிவிடுவார்களோ என்று மெதுவாகக் கேட்டார்.

போன வாரம் நம் வீட்டுக்கும் வந்தார்கள். ஓர் அதிகாரி, கூட ஒரு பெண். நாங்கள் உனக்கு முதலில் வைத்த பெயரைச் சொல்லி, பையன் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் போனைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் நீ டாக்டரிடம் சொன்னது. நீ சாப்பிட உட்கார்ந்தால் அப்பா தட்டோடு எழுந்து போய்விடுவது, நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது. டாக்டர் தர மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்களிடம் சொல்லாமல் நீ மனதில் வைத்திருந்ததை, தன் பெயரைக்கூடச் சொல்லாத ஓர் ஆளின் வாயால் கேட்டேன் சிட்டு. அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

அவர் எழுந்து நின்று, "அவ ஊரை விட்டுப் போய்ட்டா. எங்கன்னு எங்களுக்குத் தெரியாது" என்றார். அதிகாரி, "அவனா?" என்று திருத்தப் பார்த்தார். "அவதான். எம் பொண்ணு" என்றார் அப்பா.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். அவர்கள் போன பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். தட்டினேன். "இரு, வரேன்" என்றார். குரல் சரியாக இல்லை.

மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். உனக்குத்தான் தெரியுமே. அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இருக்கும் ஊரின் பெயரை எங்களுக்கு எழுதாதே. போன் செய்யாதே. தோழியும் எங்களிடம் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியாததை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

மருந்தை மட்டும் விட்டுவிடாதே. புது டாக்டர் நல்லவரா என்று பார்த்துப் பேசு. ஆனால் பேசாமல் இருந்துவிடாதே.

இங்கே வீடு ஓசையில்லாமல் கிடக்கிறது. தெருவில் யாராவது உன்னைப் போல நடந்து போனால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஓடும்போதே, நீயாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.

எனக்குத் தெரியாத அந்த ஊர் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். அங்கே யாராவது ஒருவர், சாப்பிட்டாயா என்று தினமும் உன்னைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா