பாய் வீட்டுத் தூணில் கவிழ்ந்த தாமரை

செங்கல் தூசியோடு வீடு வந்தாலும் முகம் கோணாத என் மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முணுமுணுக்கிறது. மகள் வீட்டில்தான் இருக்கிறேன். நம் பேத்தி பவித்ரா சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கம்பெனி பஸ் தாம்பரத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. கழுத்தில் படம் போட்ட அட்டையோடு அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் பால்கனியிலிருந்து பார்ப்பேன். நான் பார்ப்பதை எதிர்வீட்டுக்காரர்களும் பார்க்கட்டும் என்றுதான் நிற்கிறேன். கண் பட்டுவிடும் என்பீர்கள். படட்டும், சுற்றிப் போட நான் இருக்கிறேன்.

இந்தக் கடிதம் அவளால்தான். போன சனிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும், "ஆயா, மேற்குத் தாம்பரத்துல பழைய கட்டடத்தையெல்லாம் நடந்தே சுத்திக் காட்டுறாங்க. உன் பேரையும் சேத்துக் குடுத்துட்டேன்" என்றாள்.

"நடக்கிறதுக்குப் பேரு குடுக்கணுமா? தெனம் மார்க்கெட்டுக்கு நடந்துகினுதானே கீறேன்."

"அது வேற, இது வேற. காலைல ரெடியா இரு."

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் இருபது பேர் நின்றார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், கேமரா. செருப்போடு வந்தவள் நான் ஒருத்திதான். கூட்டிப்போன பெண் பெயர் நித்யா. கட்டடக்கலை படித்தவள். கையில் ஒரு நோட்டு, தோளில் சின்ன ஒலிபெருக்கி. கண்ணாடியை மூக்கில் தள்ளித் தள்ளிப் பேசுகிறாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

முதலில் ரயில்வே காலனி. நாம் எத்தனை தடவை அந்தச் சிவப்புச் செங்கல் வீடுகளைத் தாண்டிப் போயிருக்கிறோம், ஒரு நாளாவது நின்று பார்த்தோமா? நித்யா நிற்க வைத்துவிட்டாள். "சுவத்துல கல்லு அடுக்கியிருக்கிறதைப் பாருங்க. ஒண்ணு நீளமா தெரியும், பக்கத்துல ஒண்ணு குறுக்கா தெரியும்" என்றாள். எல்லோரும் 'ஆமாம்' என்று தலையாட்டினார்கள். நான் பவித்ராவின் காதில், "உன் தாத்தா ஒண்ணு நீட்டு, ஒண்ணு குறுக்குன்னு கத்திகினே இருப்பாரு. மாத்திக் குடுத்தா அந்தக் கல்லு என் காலுகிட்ட வந்து வுழும்" என்றேன். அவள் சிரித்தாள். நித்யா திரும்பிப் பார்த்தாள்.

பிறகு மாதா கோயில். வளைவு ஜன்னல்களில் கலர் கண்ணாடி, உள்ளே காலைப் பூசையின் பாட்டு. பள்ளிவாசலின் பழைய மாடத்தைக் காட்டினாள். அடுத்து மார்க்கெட் தெருவில், கீழே செல்போன் கடையும் மேலே மரச்சட்டம் போட்ட பழைய ஜன்னலுமாக இருக்கும் மாடி வீடு. ஒருவர் சாக்கடை மூடியைக்கூடப் படம் பிடித்தார். ரயில்வே எழுத்து போட்ட இரும்பு மூடியாம். கொத்தமல்லிக் கட்டு விற்கிற அம்மா, "இன்னாத்துக்குப்பா இத்தப் போய் போட்டா புடிக்கிறீங்க, கார்ப்பரேஷன்ல எழுதிப் போடுங்க, அடைச்சினு கீது" என்றார். நம் தாம்பரம் இப்போது மாநகராட்சி, மாமா. அதைச் சொல்ல மறந்தேன்.

அப்புறம் நித்யா வலது பக்கம் திரும்பினாள். என் கால் நின்றுவிட்டது. மரவாடி வைத்து மரம் விற்ற காதர் பாய் வீட்டுத் தெரு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், பின்னால் இதை எடுத்துப் படிக்கப்போகிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரி நீங்கள். சித்தாள் நான். முன்வாசலில் நான்கு தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு தாமரை. செங்கல் தூணைச் சுற்றி இரண்டு பாதியாகப் பொருத்துகிற சிமெண்டுப் பூ. அடியும் நுனியும் ஒரே அகலம், இதழ் மட்டும் மேலே பார்க்க வேண்டும். அச்சில் அதைக் கவிழ்த்துத்தான் வார்ப்போம். எடுத்ததும் நிமிர்த்தி வைத்து, மேல் பக்கம் இதுதான் என்று கரித்துண்டால் குறி போட்டு, இதழ் நுனி உடையாமலிருக்க வைக்கோலும் ஈரச்சாக்கும் சுற்ற வேண்டும். குறி போடுவதும் சுற்றுவதும் என் வேலை.

பெருநாளைக்குள் குடிவர வேண்டும் என்று பாய் அவசரப்படுத்திய நேரம். வேப்பமரத்தில் கட்டிய தூளியில் நம் மகள் வீறிட்டு அழுதாள். நான் பூக்களை நிமிர்த்தாமலே, மேலே தெரிந்த அடிப்பக்கத்தில் குறி போட்டு, சாக்கையும் சுற்றிவிட்டு ஓடினேன். எட்டுப் பாதிக்கும் அப்படித்தான். என் குறியை நம்பி, சாக்கோடு சேர்த்தே தூக்கி வைத்துப் பூசினீர்கள். ஏழு நாள் ஈரம் காயவிடாமல் தண்ணீர் ஊற்றினோம். எட்டாம் நாள் சாரத்தைப் பிரித்துச் சாக்கை உருவினால், நான்கு தாமரையும் தரையைப் பார்க்கின்றன.

பாய் அண்ணாந்து பார்த்தார். "இன்னா மேஸ்திரி, பூ குப்புற கீது?"

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் கை தப்பு பாய். உடைச்சிட்டு வேற வெச்சித் தரேன்" என்றீர்கள். நான் ஈரச்சாக்கைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"வுடு மேஸ்திரி. வர்றவங்களப் பாத்துத் தலை குனியுது. அதுவும் மரியாதைதானே" என்றார் பாய்.

அவர் விட்டுவிட்டார். டீக்கடை விடவில்லை. மற்ற மேஸ்திரிகள் உங்களுக்குத் 'தலைகீழ் மேஸ்திரி' என்று பேர் வைத்தார்கள். "வாப்பா தலைகீழு, டீயை கிளாஸுக்கு மேல ஊத்தவா கீழ ஊத்தவா" என்பார்கள். கல்யாண வீட்டில்கூட அந்தப் பெயர்தான். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். ஆனால் சாகும்வரை அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை, ஸ்டேஷனுக்கு மார்க்கெட் பக்கமாகச் சுற்றித்தான் போனீர்கள். கரிக்குறி யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். ஏன் மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் நான் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன்.

அந்தத் தூணின் கீழேதான் நித்யா எங்களை நிறுத்தினாள். "இந்த நடையிலேயே எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இது" என்றாள். "தாமரை எப்பவும் மேல பாத்துதான் விரியும். இங்க கீழ பாக்குது. வர்ற விருந்தாளியை வணங்குற மாதிரி. எதிர்வீட்லயும் மூணாவது வீட்லயும் இதே மாதிரி இருக்கு, பாருங்க. தாம்பரத்துக்குன்னே ஒரு பாணி. கட்டினது யாருன்னு வீட்டுக்காரங்களுக்கும் தெரியல. யாரோ பெரிய இன்ஜினியர் யோசிச்சு வரைஞ்சிருக்கணும்."

ஒருவர் தரையில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்தார். காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் நோட்டில் பூவை வரைய ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பாய் வீட்டுப் பூவைப் பார்த்து ஆசைப்பட்டு வேறு மேஸ்திரியை வைத்துச் செய்துகொண்டதையும் பாணி என்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். வாயைத் திறந்தால் நீங்கள் கட்டியது என்று எல்லோருக்கும் தெரியும், கூடவே தப்பும் வெளியே வரும். மூடிக்கொண்டால் தப்பு வராது, நீங்களும் வரமாட்டீர்கள். யாரோ ஓர் இன்ஜினியர் உங்கள் தூணை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தப் பெண் வேறு இத்தனை பேர் முன்னால் ஆசையாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் முகம் வாடிவிடக் கூடாது. நித்யா அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று கையைத் தூக்கினாள்.

"கண்ணு, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?" என்றேன்.

"சொல்லுங்க பாட்டி."

சொன்னேன். அச்சு, கரிக்குறி, சாக்கு, தூளி எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுது. பழி அவரு ஏத்துகினாரு" என்று முடித்தேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

பவித்ராதான் முதலில் வாயைத் திறந்தாள். "தாத்தாவைத் தலைகீழ் மேஸ்திரின்னு சொல்லுவாங்களே, அது இதானா? உன் வேலையா ஆயா அது?"

"என் வேலைதான். உங்கம்மா அழுதா, நான் இன்னா பண்ணுவேன்?"

"அப்போ இந்தப் பாணியைக் கண்டுபுடிச்சது எங்கம்மா" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நித்யா மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷமா நான் தப்பாச் சொல்லிட்டு இருக்கேனா பாட்டி?"

"வர்றவங்கள வணங்குதுன்னு சொன்னியே, அத்த பாய் அன்னைக்கே சொன்னாரு. நீ பாதி சரியாத்தான் சொல்லிகினு கீற. இன்ஜினியரு மட்டும் இல்ல."

சத்தம் கேட்டுப் பாயின் மருமகள் பர்வீன் கதவைத் திறந்து வந்தாள். விஷயம் தெரிந்ததும் உள்ளே ஓடி நாற்காலி எடுத்து வந்து என்னை உட்கார வைத்தாள். "மாமனார் எப்பவும் 'நம்ம மேஸ்திரி, நம்ம மேஸ்திரி'ம்பார், பேரைச் சொன்னதே இல்ல. வெள்ளையடிக்க வர்ற ஒவ்வொருத்தரும் பூவை நிமுத்தி வெக்கிறேன்னு கேப்பாங்க. கை வெச்சா அவருக்குக் கோவம் வந்துடும். மவுத்தாகுறதுக்கு முன்னாடிகூட எங்க வீட்டுக்காரர்கிட்ட அதைச் சொல்லிட்டுத்தான் போனார்" என்றாள்.

உங்களுக்கு இது தெரியாது, மாமா. ஒரு தடவை அந்தத் தெருப் பக்கம் போயிருந்தால் அவரே கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்.

நித்யா நோட்டைத் திறந்தாள். "அவர் பேர் என்ன பாட்டி? எழுதிக்கிறேன்."

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து நான் சொல்லாத பெயர். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் மகள்தான் சொல்லுவாள். "காஞ்சிபுரத்து சாமி பேரு" என்றேன்.

"காமாட்சியா?"

"ஆம்பள சாமி."

"வரதராஜனா?"

"அது பெருமாளு. நாங்க பட்டை போடுறவங்க கண்ணு."

பவித்ரா சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இது நான் கொடுக்க வேண்டியது. நோட்டையும் பேனாவையும் வாங்கி முட்டிமேல் வைத்துக்கொண்டேன். ஐந்தாவதோடு நின்ற கை. கோடு ஒரு பக்கம் போனது, எழுத்து ஒரு பக்கம் போனது. 'ஏகாம்பரம், மேஸ்திரி' என்று எழுதினேன். இருபது பேரும் குனிந்து படித்தார்கள். ஒருவர் அதையும் படம் எடுத்தார்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். நித்யா வாங்கவில்லை. "உங்க பேரையும் எழுதுங்க பாட்டி. குறி போட்டது நீங்கதானே?"

கீழே எழுதினேன். 'கன்னியம்மா, சித்தாள்.' ரேஷன் கார்டை விட்டால், நம் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு நம் இரண்டு பேர் பெயரும் ஒரே காகிதத்தில் வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பர்வீன் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். நான் நாற்காலியில் சாய்ந்து அந்தப் பூக்களை முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் தப்பை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஓர் இதழ் உடையவில்லை மாமா. நான்கு தூணும் தூக்குக்குண்டு விட்டது போல நிற்கின்றன. தலைகீழாக வைத்தாலும் எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த மாத நடைக்கு நித்யா என்னை அழைத்திருக்கிறாள். தூணுக்குப் பக்கத்தில் நின்று நான்தான் பேச வேண்டுமாம். ஒத்துக்கொண்டேன். நல்ல புடவை ஒன்றை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று அடுப்படியில் யாரும் இல்லாத நேரம், குக்கர் கத்துகிற சத்தத்தில் உங்கள் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். நாக்கு சுடும் என்று பயந்தேன், சுடவில்லை. அடுத்த மாத நடையில் எழுதிக் காட்டப்போவதில்லை. குறி போட்டவள் நான் என்று முதலில் சொல்லிவிட்டு, கட்டியவர் பெயரைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகளும் வீட்டுக்காரியுமான
கன்னியம்மா