மைத்துனன் வாங்கிய ஸ்பிட்ஃபயர்

வாலாஜாபாத், 1967, ஆயுத பூஜை.

பழைய போர் விமானம் ஒன்று எனக்குச் சொந்தமாகக் கிடைக்குமானால் ஸ்பிட்ஃபயரைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். "அதுல எத்தினி மூட்டை ஏத்தலாம் மாமா?" என்று கேட்டுச் சிரித்தவன் என் மனைவியின் தம்பி நடேசன்.

இறக்கை நுனிகள் கழற்றிய ஸ்பிட்ஃபயர் ஒன்றை அவன் ஏலத்தில் எடுத்து, தன் அரிசி ஆலை முற்றத்தில் நிறுத்தியிருக்கிறான். இன்று லாரிகளோடு அதற்கும் சந்தனம் பூசி, ஆட்களை விட்டுத் தள்ளச் சொல்லி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினான்.

"ஏறிக் குந்துங்க மாமா, உங்களுக்குத்தான் ஆசையாச்சே!"

எல்லோர் எதிரிலும் மறுத்துவிட்டேன். பொரியும் சுண்டலும் வாங்க அவர்கள் உள்ளே சென்றதும் ஏறி அமர்ந்தேன். இறங்க முயன்றபோது கீழே நடேசன் நின்றான். சிரிக்கவில்லை. "பாத்து, மெதுவா" என்று கை நீட்டினான்.

அந்தக் கையைப் பிடித்துத்தான் இறங்கினேன். அவன் சிரிக்காததை மன்னிக்க இயலவில்லை.