கசிவுக் குணகம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

மத்தியானம் தொட்டு மழை. குண்டசாலை முழுக்க இருட்டு. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஓமான் எண்ணெய்க் கிணற்றின் அழுத்தப் பதிவு கிடைத்தது. பாறையைப் பிளக்கப் பம்பில் தள்ளும் திரவத்தில் எவ்வளவு பாறைக்குள் கசிந்து தொலையும்? அந்தக் கசிவுக் குணகத்தைக் கணித்துத் தர வேண்டும்.

சோதனைப் பம்பை நிறுத்திய பின் அழுத்தம் இறங்கும் கோடு நேராக இல்லை. தொடக்கத்தில் வயிறு தள்ளி நிற்கிறது. பாறையின் பழைய வெடிப்புகள் வாய் திறந்திருக்கின்றன; கசிவு கூடும்.

வாங்க: பாண், பருப்பு, இருமல் மருந்து.

செல்வம் கதவடியில் நின்று, "என்னா, இன்னும் அந்தக் கெணத்துலேருந்து ஏறலையா?"

பல்லேகலயில் வேலை போனதிலிருந்து அவர் வீட்டில்தான். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். கணவரைப் போய் என்னவென்று திட்டுவது?

15, புதன்

என் மாடலில் கசிவு பக்கத்துக் கிணற்றைவிட இரு மடங்கு. மஸ்கட்டிலிருந்து போனில் ரஜீவன். என் மேலாளர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"அக்கா, இவ்வளவு கூடப் போட்டா கிளையன்ட் பயந்திடுவாங்கள். பக்கத்துக் கிணத்தின்ர கசிவு எண்ணைப் போடுங்கோ."

"கோடு வேற மாதிரி இருக்கே தம்பி."

"கடைசித் துண்டில மட்டும் நேர்கோடு போட்டால் பொருந்தும்தானே?"

பொருந்தும். கோட்டின் வாலை மட்டும் பார்த்தால் எந்தப் பாறையும் நல்ல பாறை. மறுத்துவிட்டேன்.

16, வியாழன்

அறிக்கை போய்விட்டது. எண் ரஜீவனுடையது. கீழே பெயர் என்னுடையது. என் பெயரை எடுக்கச் சொன்னேன்.

"மாடல் ஓட்டினது நீங்கள்தானே அக்கா." சிரிப்பு வேறு.

நாளை பம்ப் ஓட்டப் போகிறார்கள். திரவம் கசிந்தால் பிளவு ஒடுங்கும். பிளவு மூடாமலிருக்கத் திரவத்தோடு தள்ளும் மணல் நடுவழியில் அடைக்கும். கிணறே போகலாம். வேலையை விட்டால்? கண்டியில் எந்த எண்ணெய்க் கிணறு எனக்காகக் காத்திருக்கிறது? மேசை, சுவர், ஜன்னலில் மழை.

செல்வத்திடம் சொன்னேன். "பெரியாளுங்க மாத்துனா நமக்கென்னா? பேசாம இரு." பிறகு, "வேலைய விட்டுறாத, என்னா?" முகத்தைப் பார்க்கவில்லை.

17, வெள்ளி

தேநீர் மட்டும். சோதனைப் பதிவில் களப் பொறியாளரின் இலக்கம் இருந்தது. போன் அடித்தேன். பின்னணியில் இயந்திர இரைச்சல். யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன்.

அறிக்கை எழுதியவரா, என்ன பிரச்சினை என்றார்.

செல்வம் கதவைப் பிடித்தபடி, வேண்டாம் என்று தலையாட்டினார்.

என் எண்ணைச் சொன்னேன். மணலுக்கு முன் வெறும் திரவம் இன்னும் நிறைய விட வேண்டும் என்றேன். அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். பம்பை நிறுத்தி வைக்கிறேன் என்றார்.

போனை வைத்த கையோடு மஸ்கட்டிலிருந்து அழைப்பு. செல்வம் குடை கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார். போன் அடிக்கிறது. நிற்கிறது. மறுபடி